கெட்டும் பட்டணம் சேர்

(நமது சங்கத்தின் வருடாந்தரப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



இன்று எம்மைப் பேசப் பணித்த நிர்வாகஸ்தர்கள், விஷயத்தை எமது இஷ்டத்திற்கே விட்டுவிட்டார்கள். கல்வியைக் குறித்தோ கைத்தொழிலைக் குறித்தோ யாம் பேசுவோமென்று அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். யாமோ தோல்வியைக் குறித்துப் பேச வந்திருக்கிறோம். பட்டணத்துக்குப் போய், அங்கே நிலைக்க மாட்டாமல் ஊர் திரும்பிய ஒரு குடும்பம் மறுபடியும் அதே பட்டணத்துக்குப் போகலாமா, போகலாமெனின் எவ்வாறு போகவேண்டும் என்பதே எமது விஷயம். இதைப் பேச எமக்குள்ள தகுதி யாதெனில், படித்து வந்த தகுதியன்று. பட்டு வந்த தகுதியேயாம்.

‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பது நம் பாட்டிமார் வாயில் வழங்கிய பழமொழி. ஊரில் கெட்டவன் பட்டணம் போனால் பிழைப்பான் என்றே இதற்கு எல்லோரும் பொருள் சொல்லி வருகிறார்கள். அந்தப் பட்டணத்திலேயே கெட்டவன் எங்கே போவது என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்படிக் கெட்டவர்களில் யாமும் ஒருவர். ஆதலால் அக்கேள்வியை இச்சபையின் முன் வைக்கிறோம்.

எமது வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். கும்பகோணத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் எம் தந்தையார் சிறிய அச்சுக்கூடம் ஒன்று நடத்திவந்தார். ஒரு டிரெடில் யந்திரம், ஈய எழுத்து நிறைந்த சில அறைப்பெட்டிகள், ஒரு கம்பாசிட்டர், இவையே அதன் ஆஸ்தி. கலியாணப் பத்திரிகை, ரசீதுப் புத்தகம், கோயில் உற்சவ நோட்டீசு ஆகியவை தை முதல் ஆனி வரையில் ஓய்வின்றி அச்சாகும். ஆடியிலும் மார்கழியிலும் யந்திரத்துக்கு எண்ணெய் போட்டு மூடி வைப்போம். வயிற்றுக்குக் குறைவில்லை. ஆயினும் இளமையில் எமக்கு அது போதவில்லை. 1997ஆம் வருஷம் ஜூன் மாதம், மூன்று மா நஞ்சையை ஒரு லட்சத்து இருபதினாயிரம் ரூபாய்க்கு விற்று, டிரெடிலை லாரியில் ஏற்றிக்கொண்டு, மனைவியாரோடும் இரண்டு குழந்தைகளோடும் சென்னைக்குப் போனோம். திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் கடை. இரண்டு தெரு தள்ளி வீடு.

இருபது மாதத்தில் எல்லாம் முடிந்தது. எம்மைச் சுற்றிலும் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோப்பவர்களும், ஆப்செட் யந்திரத்தில் பல வர்ணத்தில் அச்சிடுபவர்களும் இருந்தார்கள். அவர்களுடைய பத்திரிகையின் பளபளப்பைப் பார்த்தவர்கள் எமது ஈய எழுத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. வேறொரு பெரிய அச்சகத்திலிருந்து மிச்ச வேலையை வாங்கிச் செய்தோம். அவர்கள் கூலியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். ஊரிலிருந்து அழைத்துச் சென்ற கம்பாசிட்டர் ஆறாம் மாதமே விடைபெற்றுக்கொண்டார். மனைவியாரின் வளையல்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின. இவ்வளவும் நடக்கையில், ஊருக்கு யாம் எழுதிய கடிதங்களில் எல்லாம் ‘க்ஷேமம், வியாபாரம் நன்றாக நடக்கிறது’ என்றே எழுதி வந்தோம். அன்று அந்தக் கடிதங்களை எழுதியதுதான் இன்று எமக்கு மிகுந்த வெட்கத்தைத் தருகிறது; தோற்றதற்காக யாம் வெட்கப்படவில்லை.

1999ஆம் வருஷம் பிப்ரவரி மாதக் கடைசியில் டிரெடில் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. ஈய எழுத்துக்களைத் தராசில் போட்டு நிறுத்து வாங்கிக்கொண்டார்கள். பாரிமுனையில் இரவுப் பஸ் ஏறினோம். பொழுது விடியுமுன் ஊர் சேர்ந்தால் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் நுழைந்துவிடலாம் என்று கணக்கிட்டே அந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தோம். ஆனால் எதிர்வீட்டு அம்மையார் வாசலில் கோலமிட்டுக்கொண்டிருந்தார். எங்களையும் மூட்டைகளையும் பார்த்து, ‘மாசி மகத்துக்கு வந்தீர்களோ?’ என்று கேட்டார். ‘ஆம்’ என்றோம். மகம் முடிந்தது, யாம் திரும்பிப் போகவில்லை. அதன்பின் இன்னும் ஐந்து மாசி மகங்கள் அந்த ஊரிலேயே கழிந்தன. பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில் இழுத்து வந்தமையால் எம் மூத்த பெண்ணுக்கு ஒரு வருஷப் படிப்பு வீணாயிற்று.

ஊரார் என்ன சொன்னார்கள் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. கலியாணப் பந்தலில் எம்மைக் கண்டவுடன் பேச்சு நின்றுபோகும். சிறிது நேரம் கழித்து வேறொரு பேச்சாகத் தொடங்கும். ‘பட்டணம் போய்க் கெட்டவர்’ என்பது எமக்குப் பெயராகவே ஆயிற்று. அப்படிச் சொன்னவர்களிற் சிலர் இந்தச் சபையிலும் வீற்றிருக்கிறார்கள். அவர்கள்மீது எமக்குக் கோபமில்லை. வேறொருவர் அப்படித் திரும்பி வந்திருந்தால் யாமும் அதையே சொல்லியிருப்போம்.

எம் தந்தையார் மாத்திரம் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் மாலை, ‘கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவா’ என்றார். மூன்று இரவு எம்மை அருகில் வைத்துக்கொண்டு வரிவரியாய்ப் படித்தார். கடைக்கும் வீட்டுக்கும் பத்துப் பத்து மாத வாடகையாகக் கொடுத்த முன்பணம் முப்பத்தெண்ணாயிரம். லாரிக்கும், யந்திரம் நிறுத்தியதற்கும், மின்சார வேலைக்கும் பதினாலாயிரம். பழைய வெட்டு யந்திரம் ஒன்று வாங்க முப்பத்தோராயிரம். முதற் பத்திரிகை அச்சாவதற்கு முன்னமே எண்பத்து மூவாயிரம் ரூபாய் கைவிட்டுப் போயிருந்தது. எஞ்சிய முப்பத்தேழாயிரத்தில் இருபத்தொன்பதாயிரத்துக்கு வேலை செய்து கடனாக விட்டிருந்தோம். தந்தையார் புத்தகத்தை மூடிவிட்டு, ‘பட்டணத்தின்மேல் குற்றம் சொல்ல இந்தக் கணக்கில் ஒரு வரியும் இல்லையே!’ என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. அந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள எமக்கு ஐந்து வருஷம் சென்றது.

அன்பர்காள்! முதல் முயற்சியில் நகரத்தால் தள்ளப்பட்டவர்கள் எம்மைப்போன்ற அற்பர்கள் மாத்திரமல்லர். காந்தியடிகளின் சரித்திரத்தைப் பாருங்கள். 1891இல் சீமையில் பாரிஸ்டர் பட்டம் பெற்று வந்த அவர், பம்பாய்க்குப் போய் வக்கீல் தொழில் தொடங்கினார். கிடைத்த முதல் வழக்குக்கு முப்பது ரூபாய் கூலி. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றிற்று, நாவெழவில்லை, கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். எழுபத்தைந்து ரூபாய்ச் சம்பளத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை ஒன்றுக்கு மனுப் போட்டார்; சர்வகலாசாலைப் பட்டம் இல்லையென்று அதுவும் மறுக்கப்பட்டது. சுமார் ஆறு மாதம் பார்த்துவிட்டு ராஜ்கோட்டுக்குத் திரும்பினார். அங்கே மனுக்களும் விண்ணப்பங்களும் எழுதிக் கொடுத்து மாதம் முந்நூறு ரூபாய் வரையில் சம்பாதித்தார். 1893இல் தென்னாப்பிரிக்கா சென்று, அங்கே வழக்கு நடத்தும் முறையையும் மனிதர் இயல்பையும் கற்றார். பின்னர் 1902இல் அதே பம்பாய்க்கு மறுபடி வந்து தொழில் தொடங்கினார். குடியேறிய சில நாட்களிலேயே பத்து வயதுப் புதல்வர் மணிலால் கடும் ஜ்வரத்தில் விழுந்தார். அந்தச் சோதனையையும் தாண்டி, தாம் எதிர்பார்த்ததற்கு மேலாகவே தொழில் நடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். சில மாதங்களில் தென்னாப்பிரிக்கா மறுபடி அழைத்ததனால் பம்பாயை விட்டுச் சென்றாரேயன்றி, இரண்டாம் முறை அந்நகரம் அவரைத் தள்ளவில்லை.

நம் கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ ராமாநுஜனின் வரலாறும் இத்தகையதே. 1906இல் அவர் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். நோயுற்று ஊர் திரும்பினார், 1907இல் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. கணிதத்தில் நிகரில்லாதவர் ஏனைய பாடங்களில் தவறினார். பட்டம் இல்லை, உத்தியோகம் இல்லை, உடம்பும் சரியில்லை. 1909இல் கலியாணமும் ஆயிற்று. ஊரார் அவரைப்பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். 1910இல் தமது நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு திருக்கோயிலூரில் டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமஸ்வாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். ஐயரோ இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்தவர். அவர் சென்னையிலுள்ள கணித நண்பர்களுக்கு அறிமுகம் செய்து அனுப்பினார். நெல்லூர்க் கலெக்டர் ராமசந்திர ராவ் சிறிது காலம் மாதப்படி கொடுத்து ஆதரித்தார். 1912ஆம் வருஷம் மார்ச்சு 1ஆம் தேதி சென்னைத் துறைமுக டிரஸ்டில் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்கு குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சு 17ஆம் தேதி சென்னையினின்றும் கப்பலேறினார். 1918இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார்.

இவ்விருவரையும் சொல்லியது எம்மை அவர்களோடு ஒப்பிட்டுக்கொள்ளவன்று. இரண்டு பயணங்களுக்கும் நடுவே அவர்களிடத்து உண்டான வேறுபாட்டைக் காணவேண்டும் என்பதே எமது கருத்து. பம்பாயும் சென்னையும் அதற்குள் கருணையுள்ள நகரங்களாக மாறிவிடவில்லை. முதன்முறை காந்தியடிகள் பட்டத்தை மாத்திரம் கொண்டுபோனார். மறுமுறை செய்து பழகிய தொழிலைக் கொண்டுபோனார். முதன்முறை ராமாநுஜன் பரீட்சையை நம்பிப் போனார்; மறுமுறை தம் நோட்டுப் புத்தகத்தையும், தம்மை அறிந்த நாலு பேரையும் நம்பிப் போனார். இருவருக்கும் இடையில் திரும்பி வந்து தங்க ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டின் அருமையைப்பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறோம்.

இனி, யாம் மறுமுறை போன விதத்தைக் கேளுங்கள். ஊரிலிருந்த வருஷங்களில் கும்பகோணத்தில் ஒருவரிடம் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோக்கவும் பக்கம் அமைக்கவும் கற்றோம். நாற்பது வயதை நெருங்கியவர் இருபது வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சியில் உட்கார்ந்து கற்பது எளிதன்று. 2004ஆம் வருஷம் ஆவணியில் யாம் மாத்திரம் சென்னைக்குப் போனோம். முன்னம் பாரிமுனையில் இறங்கியவர், இப்பொழுது 2002இல் திறக்கப்பட்ட கோயம்பேடு பஸ் நிலையத்தில் இறங்கினோம். இறங்கும் இடமே மாறிப்போயிருந்தது எமக்கு நல்ல எச்சரிக்கையாயிற்று. முன்பு பார்த்த பட்டணத்தைப் பழைய நினைவால் அளக்கலாகாதென்று தெரிந்துகொண்டோம். இன்று போகிறவர்களுக்கு அதுவும் மாறிவிட்டது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, தென் ஜில்லாக்களிலிருந்து வருவோர் பெரும்பாலும் அங்கேயே இறங்குகிறார்கள்.

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூவரோடு ஓர் அறையில் தங்கி, பிறர் அச்சகத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்தோம். முன்பு முதலாளியாயிருந்த தெருவிலேயே கூலியாளாக நடந்தோம். அந்த எட்டு மாதத்தில் காகிதம் எங்கே மலிவு, எவன் சொன்ன நாளில் அச்சிட்டுத் தருவான், எவனுக்குக் கடன் விடலாகாது என்பவற்றைத் தெரிந்துகொண்டோம். அதன் பின்னரே, ஊர்ப் புறத்தில் அம்பத்தூர்ப் பக்கம் சிறு அறையொன்றில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துத் தொழில் தொடங்கினோம். அச்சு யந்திரம் ஒன்றும் வாங்கவில்லை. அமைப்பு வேலையை யாம் செய்து, அச்சிடும் வேலையைப் பிறரிடம் கொடுத்தோம். 2005 மே மாதம் பரீட்சைகளெல்லாம் முடிந்தபின் குடும்பம் வந்து சேர்ந்தது.

வருமுன் எம் மனைவியார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். ‘இம்முறை ஊருக்கு எழுதுவதெல்லாம் உண்மையாயிருக்க வேண்டும்’ என்றார். அப்படியே செய்தோம். முதல் வருஷம் மூன்று மாதம் வாடகைக்குத் திண்டாடியதையும் மறைக்காமல் எழுதினோம். தந்தையார் நெல் விற்ற பணத்தில் ஐயாயிரம் அனுப்பினார். முன்பும் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார். யாம் க்ஷேமமென்று எழுதினமையால் அவர் அறியவில்லை.

அதன்பின் கஷ்டமே வரவில்லை என்று எண்ணவேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் காகிதக் கட்டுகள் நனைந்து பாழாயின. 2020இல் கொள்ளை நோய்க் காலத்தில் கலியாணங்கள் சுருங்கின. பத்திரிகை அச்சடிப்பார் இல்லை. ஆனால் முதன்முறை ஓர் அடியிலேயே விழுந்தவர்கள், இம்முறை அடிபட்டும் நின்றோம். ஆறு மாதச் செலவுக்குரிய பணத்தைத் தனியே எடுத்து வைத்து, அதைத் தொழிலில் போடுவதில்லையென்று விரதம்போற் காத்ததே அதற்குக் காரணம்.

எமது அநுபவத்தினின்றும், மறுபடி போக விரும்புவோர்க்குச் சில வார்த்தைகள் சொல்லுவோம்.

முதலாவது, திரும்பி வந்த கணக்கை எழுதிப் பாருங்கள். ‘நேரம் சரியில்லை’ என்று சொல்லி விடுவோமானால் கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது, குடும்பத்தில் ஒருவர் முன்னே போய், ஆறு மாதமேனும் சம்பாதித்துப் பார்த்தபின் மற்றவர்கள் செல்லுக.

மூன்றாவது, கைப்பணத்தையெல்லாம் முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். 2019 முதல் அமலிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்படிக்கை இல்லாதவிடத்து, குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாதென்கிறது. ‘வேறு உடன்படிக்கை’ என்னும் சொல்லை மறவாமல், கையெழுத்திடுமுன் பத்திரத்தை முழுதும் படியுங்கள்.

நான்காவது, குழந்தைகளின் படிப்பு. கூடியவரையில் வருஷ முடிவில் இடம் மாறுங்கள். அவசியத்தால் நடுவில் மாற நேர்ந்தாலும் மனம் தளரவேண்டாம். 2009ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டப்படி, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தையை அரசாங்கப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்கையில், மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணங்காட்டி மறுக்கலாகாது. எம் பெண்ணுக்கு அக்காலத்தில் அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை.

ஐந்தாவது, குடும்ப அட்டையைப்பற்றிய கவலை. 2020 அக்டோபர் முதல், ஊரில் பதிந்த அட்டையைக் கொண்டே இம்மாநிலத்தின் வேறு நியாயவிலைக் கடையிலும் அரிசி வாங்கும் ஏற்பாடு வந்துவிட்டது. சிறிய விஷயமாகத் தோன்றும். முதல் மாதத்தில் அதன் பெருமை தெரியும்.

ஆறாவது, ஊரிலுள்ள வீட்டை விற்காதீர்கள். மூன்று மா நஞ்சையை விற்றதை யாம் மீட்க முடியவில்லை. வீடு இருந்தமையால் விழுந்தபோது தரையில் விழுந்தோம். அதுவும் இல்லாதிருந்தால் கிணற்றில் விழுந்திருப்போம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். ‘எல்லோரும் பட்டணம் போய்த்தான் ஆகவேண்டுமா? ஊரிலேயே உழைத்து மானமாய் வாழ்வோர் இல்லையா?’ என்று கேட்பீர்கள். உண்மை. எம்மோடு அதே காலத்தில் திரும்பிய உறவினர் ஒருவர் ஊரிலேயே பால் வியாபாரம் தொடங்கி, எம்மினும் நிம்மதியாக இருக்கிறார். அவர் மறுபடி போகாதது கோழைத்தனமன்று; கணக்குப் பார்த்துச் செய்த முடிவு. ஊரில் தங்குவதும் நகருக்கு ஏகுவதும் அவரவர் ஆலோசித்துச் செய்யவேண்டியவை. ஊராருடைய நாவுக்குப் பயந்து தங்குவதும், அந்த நாவை அடைக்கவேண்டுமென்று ரோஷத்தால் போவதும், இரண்டும் தவறு.

இதை இன்று பேசுவதற்குக் காரணம் உண்டு. 2020ஆம் வருஷத்தில் வேலையிழந்து நம் ஊர்களுக்குத் திரும்பிய குடும்பங்களில் சில இன்னும் திகைத்து நிற்கின்றன. அவற்றுள் ஒரு வீட்டுப் பிள்ளையை யாம் அறிவோம், பெயர் சொல்லோம். தொழில் தெரிந்தவன். முன் முதலாளி கூப்பிடுகிறார். ‘மறுபடியும் திரும்பி வந்தால் என் தாயார் முகத்தை யார் பார்ப்பார்கள்?’ என்று அவன் எம்மிடம் கேட்டபோது யாம் விடை சொல்ல முடியாமல் நின்றோம். அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் இச்சபையில் இருக்கும் நீங்களே.

ஆகையால் சங்கத்தாரிடம் இரண்டு விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகிறோம். தொழில் தொடங்குவோர்க்கு நாம் கொடுத்துவரும் கடன், முதல் முயற்சிக்கு மாத்திரமே என்று நமது விதி கூறுகிறது. ஒருமுறை நஷ்டப்பட்டவன் மனுவே போட இயலாது. இவ்விதியைத் திருத்துங்கள். நஷ்டப்பட்டவன் தன் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரட்டும். நிர்வாக சபையார் அதைப் படிக்கட்டும். ஏன் விழுந்தோம் என்று அவன் தெளிவாகச் சொல்லக்கூடுமானால், இதுவரை விழாதவனைக் காட்டிலும் அவனிடம் கொடுத்த பணமே பத்திரமாயிருக்கும் என்பது எமது எண்ணம். பழைய பாக்கி இருந்தால் தவணை வைத்து வாங்கிக்கொள்ளுங்கள்; அதனாலேயே வாசலை அடைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது விண்ணப்பம், பணச் செலவில்லாதது. திரும்பி வந்தவர்களைக் கலியாணப் பந்தலில் காணும்போது பேச்சை நிறுத்தாதீர்கள். ‘ஏன் வந்தீர்கள்?’ என்று கேளாமல், ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேளுங்கள். எதிர்வீட்டு அம்மையார் அன்று எம்மிடம் மாசி மகத்தைப்பற்றிக் கேட்டது, எங்கள் மூட்டைகளைப் பார்த்து எல்லாம் அறிந்தே கேட்ட கேள்வியென்று பல வருஷங்களுக்குப் பின் அவரே எம் மனைவியாரிடம் சொன்னாராம். எமக்கு ஒரு பதில் கிடைக்கட்டும் என்றுதான் அப்படிக் கேட்டாராம். அன்று காலை எங்களுக்குக் காப்பி வந்ததும் அவர் வீட்டிலிருந்துதான்.

அந்தப் பிள்ளையின் மனு அடுத்த மாதம் நிர்வாக சபைக்கு வருமென்று நம்புகிறோம். அதற்கு முன் விதி திருந்தவேண்டும் என்பதே எமது பிரார்த்தனை.